சிம்கோ ஏரி ஐஸ் மீன்பிடிக்கு ஸ்லெட்டும் சாமான்களும் வீட்டிலேயே செய்வது: முழுமையான வழிகாட்டி

ரொறொன்ரோவில் இருந்து வடக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் சிம்கோ ஏரி. அங்கே ஒருவர் கையால் இழுத்துக்கொண்டு போகக்கூடிய ஸ்லெட் (பனியில் சறுக்கும் வண்டி), உயிர்காப்புச் சாமான்கள், ஐஸில் துளை போடும் திருகுக் கருவியான ஓகருக்கு ஒரு தட்டு, தூண்டில், இருக்கை ஆகியவற்றைக் கராஜில் எப்படிச் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. ஸ்னோமொபைல் உள்ளவர்களுக்கும் அடிப்படை இதேதான். அவர்களுக்கு எது மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

ஒழுங்கை மாற்றாதீர்கள். புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் ஐஸின் மேல் இருந்து மீன் பிடிக்கும் குடிலில் தொடங்குகிறார்கள். "அண்ணை, குடில் அடிச்சு முடிச்சிட்டன், இனி என்ன வேணும்?" என்று ஜனவரியில் யாராவது கேட்பார்கள். அந்தக் குடிலை இழுத்துப் போக ஸ்லெட் இருக்காது, விழுந்தால் ஐஸில் குத்தி ஏறக் கழுத்தில் ஆணியும் இருக்காது. முதலில் தண்ணீரில் விழுந்தால் வெளியே ஏற உதவுவது, பிறகு பாரத்தை நகர்த்துவது, கடைசியில் வசதி. இந்த வரிசையில் செய்தால் நேரம் போதாமல் போனாலும் விடுபடுவது வசதி மட்டும்தான்.

1. ஏரியைத் தெரிந்துகொண்டு அளவை முடிவெடுங்கள்

ஸ்லெட்டின் உயரமும் பாரமும் நீங்கள் போகும் ஐஸைப் பொறுத்தவை. சிம்கோவின் தெற்கில் உள்ள குக்ஸ் பே ஆழம் குறைந்தது, முதலில் உறைவது. பேர்ச், பைக் என்ற மீன்களைப் பிடிக்கலாம். பாரி நகரை ஒட்டிய கெம்பன்ஃபெல்ட் பே ஆழமானது, உறைய நாள் எடுக்கும். லேக் ட்ரௌட்டும் வைட்ஃபிஷும் தேடுபவர்கள் அங்கே போவார்கள். முதல் வருடம் குக்ஸ் பே காணும்.

கனேடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் தடிப்பு: தனியாக நடக்க 15 செ.மீ., கூட்டமாக நிற்க 20 செ.மீ., ஸ்னோமொபைலுக்கு 25 செ.மீ. இது தெளிவான, கடினமான ஐஸுக்கு. பனி நனைந்து உறைந்த வெள்ளை ஐஸின் பலம் ஏறக்குறைய அதில் பாதிதான். ஆகவே வெள்ளையாகத் தெரிந்தால் இரட்டிப்புத் தடிப்பைக் கேளுங்கள். பெரிய ஏரியில் ஐஸ் அசைந்து வெடிக்கும். நேற்று நல்லாயிருந்த பாதையில் இன்று வெடிப்பு இருக்கலாம். கரைக்குப் பக்கத்தில் அளந்த ஒரே அளவை வைத்து ஏரி முழுவதையும் நம்ப முடியாது.

ஸ்லெட் செய்பவர் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று சகதி. புதிதாக விழுந்த பனியின் பாரம் ஐஸைக் கீழே அழுத்தும். வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறிப் பனியின் அடிப்பகுதியை நனைக்கும். மேலே உள்ள பனி போர்வையாக மூடிக்கொள்வதால் அந்தச் சகதி நாட்கணக்கில் உறையாமலே கிடக்கும். கடையில் விற்கும் பிளாஸ்ரிக் தொட்டி ஸ்லெட் அதில் வயிறு பதியப் படுத்துவிடும். சற்று நேரம் நிறுத்தினால் அங்கேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஸ்கீயின் (பனிச்சறுக்குப் பலகையின்) மேல் உயர்த்திய ஸ்லெட் செய்வதற்கு முழுக் காரணமும் இதுதான்.

2. தொடங்குமுன் சேர்க்க வேண்டியவை

ஸ்லெட்டுக்கு: ஒரே நீளமுள்ள பழைய மலைச்சரிவு ஸ்கீ ஒரு சோடி, 120 செ.மீ. நீளத்தில் 2×4 ஸ்புரூஸ் சட்டம் இரண்டு, 55 செ.மீ. நீளத்தில் 1×4 பலகை நான்கு, இரும்பு மூலைத்தகடுகள் எட்டு, 6 மி.மீ. போல்ற்களும் லொக் நட்களும், 50 மி.மீ. துருப்பிடிக்காத தட்டைத்தலைத் திருகாணிகள், வெளிவேலைக்கான பொலியூரித்தேன் பசை, எப்பொக்சி.

இழுப்பதற்கு: மின்கம்பி செல்லும் மெல்லிய இரும்புக் குழாய் இரண்டு, ஒவ்வொன்றும் 150 செ.மீ. பொலிபுரோப்பிலீன் கயிறு. பழைய முதுகுப்பையின் இடுப்புப் பட்டி. கரபீனர் (திறந்து மூடும் கொக்கி) இரண்டு.

கருவிகள் என்று பார்த்தால் ட்ரில், கைவாள், அளவு நாடா, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி. வெல்டிங் ஒன்றும் தேவையில்லை.

பசையையும் எப்பொக்சியையும் குளிரான கராஜில் பாவிக்காதீர்கள். போத்தலில் குறித்துள்ள வெப்பநிலைக்குக் கீழே அவை சரியாக இறுகாது. வெளியே பார்க்க இறுகியதுபோல இருக்கும், ஏரியில் முதல் அடியில் கழன்றுவிடும். ஒட்டும் வேலைகளை ஒக்டோபரிலேயே முடியுங்கள், இல்லையென்றால் நிலவறைக்குள் கொண்டுபோய்ச் செய்யுங்கள்.

3. கழுத்து ஆணிகள்: முதல் வேலை

ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும். இதைச் செய்யாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

2.5 செ.மீ. தடிப்புள்ள உருளை மரக்கட்டையில் 12 செ.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றின் முகத்திலும் ஆணியைவிடச் சற்றே சிறிய துளையை 5 செ.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். கொங்கிறீற் ஆணியின் தலையை வெட்டி, வெட்டிய பக்கத்தை எப்பொக்சியுடன் உள்ளே இறுக்குங்கள். கூர் 1.5 செ.மீ. அளவுக்கு வெளியே நிற்கட்டும். சாதாரண ஆணி வேண்டாம். உடற்பாரம் முழுவதும் அதில் தொங்கும்போது வளைந்துவிடும். கொங்கிறீற் ஆணி கடினப்படுத்தப்பட்டது.

அதே முகத்தில், ஆணிக்குப் பக்கத்தில் இன்னொரு துளை போடுங்கள். இரண்டு கட்டைகளையும் முகத்தோடு முகம் வைத்தால் ஒன்றின் ஆணி மற்றதன் துளைக்குள் போய் உட்காரும், உடம்பில் குத்தாது. மறுமுனையில் குறுக்காகத் துளைத்து, இரண்டையும் ஒரு நைலோன் கயிற்றில் இணையுங்கள். கழுத்தில் போட்டால் நெஞ்சளவில் தொங்க வேண்டும். செம்மஞ்சள் நிறம் பூசி, வாளித் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பாருங்கள்.

இதை ஜக்கெற்றுக்கு வெளியே போட வேண்டும். உள்ளே இருந்தால் தேவைப்படும் நேரத்தில் கைக்கு வராது. மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ற் சொல்லும் 1-10-1 கணக்கை நினைவில் வையுங்கள்: குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், மயங்குவதற்கு முன் 1 மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் இந்த ஆணி. வந்த பக்கமாகவே திரும்புங்கள், ஏனென்றால் அந்த ஐஸ் உங்களைத் தாங்கியிருக்கிறது. காலை உதைத்து உடலைக் கிடையாக்கி, ஆணியை மாறி மாறிக் குத்தி ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள்.

4. எறிகயிறு

15 மீற்றர் பொலிபுரோப்பிலீன் கயிறு, ஒரு சிறிய துணிப்பை, பையின் அடியில் ஒரு துண்டு நுரைப்பஞ்சு. கயிற்றைச் சுருட்டி வைக்காமல், ஒரு நுனியில் இருந்து சும்மா திணித்துக்கொண்டே போங்கள். சுருட்டிய கயிறு எறியும்போது சிக்கும், திணித்தது சிக்காமல் வெளிவரும். பருத்தி, நைலோன் கயிறு வேண்டாம். பருத்தி தண்ணீரை உறிஞ்சி உறைந்து விறைத்துவிடும், நைலோன் மிதக்காது.

மிதக்கும் உடுப்பை மட்டும் வீட்டில் செய்ய முயல வேண்டாம். வாங்குங்கள், இல்லாவிட்டால் படகில் போடும் மிதவை அங்கியை ஜக்கெற்றின் மேல் போடுங்கள்.

5. ஸ்கீயைத் தேர்ந்து தயாராக்குதல்

பழைய சாமான் கடைகளில் இடுப்பு ஒடுங்காத, நேரான பழைய ஸ்கீகளைத் தேடுங்கள். அவற்றை யாரும் சீண்டுவதில்லை என்பதால் மலிவு. 170 முதல் 190 செ.மீ. நீளம் நல்லது. சமதரையில் ஓடும் ஒடுங்கிய ஸ்கீ இதற்கு உதவாது. அகலம் போதாமல் பனிக்குள் புதையும்.

இரண்டையும் அடியோடு அடி வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு இடைவெளி தெரியும், அது ஸ்கீயின் வில்வளைவு. கையால் நசுக்கும்போது இரண்டும் ஒரே அளவு வளைய வேண்டும். ஒன்று விறைப்பாகவும் மற்றது தளர்வாகவும் இருந்தால் ஸ்லெட் ஒரு பக்கமாகவே இழுக்கும். பிறகு என்ன செய்தாலும் அதைத் திருத்த முடியாது.

சப்பாத்துப் பிடிகளைக் கழற்றி, திருகாணித் துளைகளை எப்பொக்சியால் நிரப்புங்கள். அதற்குள் தண்ணீர் போய் உறைந்தால் உள்மரம் பிளந்துவிடும். மேற்பரப்பைக் கரடுமுரடான அரத்தாளால் தேய்த்து விடுங்கள். வழுவழுப்பில் பசை பிடிக்காது.

6. சட்டத்தை ஸ்கீயில் பொருத்துதல்

பிழைகள் கூடுதலாக நடக்கும் இடம் இது. அவசரப்படாதீர்கள்.

2×4 சட்டத்தை விளிம்பில் நிற்க வையுங்கள், அதாவது 89 மி.மீ. பக்கம் உயரமாக வரும். சகதி அதிகமாக இருக்கும் இடத்துக்குப் போவதென்றால் 2×6 போடலாம். 5 செ.மீ. உயரம் கூடும், பாரமும் கூடும். கையால் இழுப்பவர்களுக்கு நான் 2×4 தான் சொல்வேன். முழு ஸ்லெட்டும் 10 கிலோ அளவில் முடியும்.

முதலில் ஸ்கீயின் நடுப்புள்ளியைக் குறியுங்கள். சட்டத்தின் நடு அதற்கு 5 செ.மீ. பின்னால் வரட்டும். பாரம் சற்றுப் பின்னால் இருந்தால் முன்மூக்கு பனிக்கு மேலே ஏறும். முன்னால் இருந்தால் மூக்கு குத்திக்கொண்டு உள்ளே போகும்.

சட்டத்தின் முன்கீழ் மூலையைச் சாய்வாக வெட்டுங்கள், ஏறத்தாழ 10 செ.மீ. நீளத்துக்கு. இதை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். ஸ்கீயின் முன்பகுதி மேடு பள்ளத்தில் மேலே வளைய வேண்டும். கூர்மூலை அந்த இடத்தில் நெம்புகோலாக நின்றால் சரியாக அங்கேதான் ஸ்கீ முறியும்.

இப்போது பசையைப் பூசி சட்டத்தை வைத்து, அடியில் இருந்து மேல்நோக்கித் திருகாணி போடுங்கள். துளையை முன்கூட்டியே போட்டுத் தலை உட்காரும் குழியையும் வெட்டிவிடுங்கள். நேரடியாகத் திருகினால் ஸ்கீயின் அடுக்குகள் பிரியும். திருகாணிகள் ஸ்கீயின் நடுக்கோட்டிலேயே போகட்டும், விளிம்பில் இரும்புப் பட்டி இருக்கிறது. நடுவில் தொடங்கி முன்னும் பின்னும் மாறி மாறிப் போடுங்கள். ஒரு முனையில் தொடங்கினால் வில்வளைவு மறுமுனையில் சேர்ந்து, சட்டம் தூக்கிக்கொண்டு நிற்கும். தலைகள் அடிப்பரப்புக்கு உள்ளே 1 மி.மீ. அளவுக்குப் பதிந்திருக்க வேண்டும். மேலே எப்பொக்சி நிரப்பி, காய்ந்ததும் மட்டமாகத் தேயுங்கள். ஒரு திருகாணித் தலை வெளியே நின்றாலே போதும், கலப்பை பூட்டி இழுப்பதுபோல இருக்கும்.

சிலர் மேலிருந்து மூலைத்தகடு வைத்துப் பொருத்துகிறார்கள். அடி துளைபடாது என்பது அதில் நல்லது. ஆனால் தகடுகளில் சகதி பிடித்து உறைந்து, திரும்பி வரும்போது ஸ்லெட் நல்ல பாரமாகிவிடும்.

7. குறுக்குப் பலகைகள்

வெளி அகலம் 55 செ.மீ. இது வானின் பின்பக்கத்தில் மற்றச் சாமான்களுக்குப் பக்கத்தில் நுழையும், நீங்கள் நடந்து மிதித்த தடத்திலும் ஓடும். ஸ்னோமொபைலின் பின்னால் இழுப்பதென்றால் அதன் முன் ஸ்கீகளின் அகலத்துக்கு ஒத்ததாக ஆக்குங்கள், அது போட்ட தடத்திலேயே வரும்.

முன் பலகையையும் பின் பலகையையும் மட்டும் முதலில் தளர்வாகப் பூட்டுங்கள். இரண்டு ஸ்கீக்கும் இடையிலான தூரத்தை முன்னாலும் பின்னாலும் அளவுங்கள். பிறகு மூலைக்கு மூலை அளவுங்கள். நாலு அளவும் சோடி சோடியாக ஒத்து வந்த பிறகே இறுக்க வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் பிழை கராஜ் தரையில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு கிலோமீற்றர் இழுத்தால் தோளுக்குத் தெரியும்.

குறுக்குப் பலகைகளுக்குப் பசை போடாதீர்கள். ஐஸ் மேடுகளில் ஏறும்போது சட்டகம் கொஞ்சம் முறுக வேண்டும். முழுதாக ஒட்டினால் மரம் வெடிக்கும். மூலைத்தகடும் போல்ற்றும் லொக் நட்டும் காணும். சாதாரண நட் அதிர்வில் கழன்று விழும்.

மேலே பிளாஸ்ரிக் தொட்டியையோ மீன்பெட்டியையோ கட்டலாம். பாரத்தின் உயரம் ஸ்லெட்டின் அகலத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் சரிவில் புரளும்.

கடைசியாக அடிக்கு மெழுகு. ஸ்கீ மெழுகை பழைய இஸ்திரிப் பெட்டியால் உருக்கித் தடவிச் சுரண்டுவது நல்லது. அவசரத்துக்கு மெழுகுதிரியைத் தேய்த்தாலும் ஓடும்.

8. இழுகம்பி

வெறும் கயிற்றில் இழுத்தால் வழுக்கு ஐஸில் ஸ்லெட் உங்களை முந்திக்கொண்டு வந்து குதிக்காலில் இடிக்கும். ஆகவே குழாய். கயிற்றை இரண்டு குழாய்க்குள்ளும் செலுத்தி, ஒரு முனையை முன் பலகையிலும் மறுமுனையை இடுப்புப் பட்டியின் கரபீனரிலும் முடியுங்கள். இரண்டு குழாய்களையும் பெருக்கல் குறிபோலக் குறுக்காக வையுங்கள். நேராக வைத்தால் திருப்பங்களில் ஸ்லெட் அலையும், குறுக்காக வைத்தால் உங்கள் பின்னாலேயே வரும். மலிவு என்று பிவிசி குழாய் வாங்காதீர்கள். கடுங்குளிரில் நொறுங்கும்.

பட்டியைக் கையுறையோடு ஒரே இழுவையில் கழற்ற முடிய வேண்டும். ஸ்லெட் தண்ணீருக்குள் போனால் நீங்களும் சேர்ந்து போகக் கூடாது. வீட்டில் தடித்த கையுறை போட்டுக் கழற்றிப் பாருங்கள். அப்போது சிக்கினால் ஐஸில் கட்டாயம் சிக்கும்.

ஸ்னோமொபைலில் கயிறு கட்டி இழுப்பது கூடவே கூடாது. நீங்கள் நிறுத்துவீர்கள், ஸ்லெட் நிற்காது. விறைப்பான இரும்பு இழுகம்பி வாங்குங்கள்.

9. ஓகரும் ட்ரில் தட்டும்

18 வோல்ற் பற்றரி ட்ரில்லில் 15 செ.மீ. ஓகரைப் பூட்டினால் பேர்ச்சுக்குப் போதுமான துளை கிடைக்கும். பக்கக் கைப்பிடி உள்ள, மோட்டாரில் பிரஷ் இல்லாத (brushless) ட்ரில் வேண்டும். ஓகர் ஐஸில் இறுகும்போது சாதாரண ட்ரில் மணிக்கட்டை முறுக்கிவிடும். லேக் ட்ரௌட், வைட்ஃபிஷுக்கு 20 செ.மீ. துளை நல்லது. அதற்கு ட்ரில்லின் முறுக்குவிசையும் கூட வேண்டும்.

ஓகர் ட்ரில்லில் இருந்து கழன்றால் நேரே ஏரியின் அடிக்குப் போகும். அதைத் தடுக்க 12 மி.மீ. ஒட்டுப்பலகையில் 25 செ.மீ. விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டி, இரண்டாகப் பிளந்து, ஓகர்த் தண்டின் மேல்பகுதியைக் கவ்வுமாறு போல்ற் போடுங்கள். துளையைவிடத் தட்டு பெரிது என்பதால் விழுந்தாலும் மேலே நிற்கும்.

பற்றரிகள் ஜக்கெற்றுக்குள். குளிரில் அவற்றின் சக்தி விரைவாக இறங்கும். வீட்டுக்கு வந்ததும் உடனே சார்ஜ் போடாமல் அறைச் சூட்டுக்கு வர விடுங்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லிதியம் பற்றரி பழுதாகும்.

10. தூண்டில், வாளி, கண்ணகப்பை

முறிந்த தூண்டில் தடியின் மேல் 65 செ.மீ. துண்டு அருமையான ஐஸ் தூண்டிலாகும். தக்கைக் கைப்பிடியில் எப்பொக்சி போட்டு ஒட்டுங்கள். நுனி வளையம் சிறிதாக இருந்தால் ஐஸ் பிடித்து நூல் ஓடாது, பெரிதாக மாற்றுங்கள். நுனியில் மெல்லிய கிற்றார் கம்பித் துண்டைக் கட்டினால் பேர்ச் மெதுவாகத் தொட்டாலும் ஆடும். கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு அந்தக் கடி தெரியவே தெரியாது.

தடியை எதிலாவது கட்டி வையுங்கள். பைக் ஒன்று பிடித்தால் தடியோடு துளைக்குள் போய்விடும்.

20 லீற்றர் வாளிக்கு மூடியில் நுரைப்பஞ்சு ஒட்டினால் இருக்கை, உள்ளே சாமான். காலுக்குக் கீழே உடற்பயிற்சி அறையில் விரிக்கும் நுரைப்பாய் ஒரு துண்டு. துளையில் மிதக்கும் ஐஸ் தூளை அள்ளுவதற்கென்று கடையில் தனிக்கரண்டி விற்கிறார்கள். வடை எடுக்கும் பழைய கண்ணகப்பை போதும், பிடியை மட்டும் ஒரு தடியால் நீட்டுங்கள்.

ஒன்ராறியோவில் ஐஸ் மீன்பிடிக்கும்போது உங்கள் நூல்களில் இருந்து 60 மீற்றருக்குள் நீங்கள் இருக்க வேண்டும், அவை கண்ணுக்குத் தடையின்றித் தெரியவும் வேண்டும். ஆகவே நூல் தாங்கிகளை எவ்வளவு தூரத்துக்கு வைக்கலாம் என்று யோசித்து நேரத்தைக் கழிக்காதீர்கள்.

11. குடில்: முதல் வருடம் வேண்டாம்

மரக்குடில் என்றால் பதிவு செய்து, இலக்கத்தை 6.3 செ.மீ.க்குக் குறையாத உயரத்தில் வெளியே எழுத வேண்டும். பருவம் முடிய, குறித்த திகதிக்குள் ஏரியில் இருந்து அகற்றவும் வேண்டும். தளம் 7 சதுர மீற்றருக்கு மேற்படாத துணிக் கூடாரத்துக்குப் பதிவு தேவையில்லை. அது ஸ்லெட்டிலும் ஏறும்.

உள்ளே எந்த எரிவாயு அடுப்பு வைத்தாலும் கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு கட்டாயம். அடுப்பில் இருந்து வரக்கூடிய நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு மணம் இல்லை. பற்றரியில் ஓடும் எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் தலை உயரத்தில் தொங்க விடுங்கள்.

12. முற்றத்தில் சோதனை, பிறகு ஏற்றும் ஒழுங்கு

ஏரிக்குப் போகுமுன் 40 கிலோ அரிசி மூட்டைகளை ஏற்றி, பனி மூடிய முற்றத்திலோ பூங்காவிலோ இழுங்கள். ஸ்லெட் ஒரு பக்கம் இழுத்தால் குறுக்குப் பலகைகளைத் தளர்த்தி மூலை அளவை மீண்டும் பாருங்கள். மூக்கு புதைந்தால் பாரத்தைப் பின்னால் தள்ளுங்கள்.

ஏற்றும்போது ஓகர், வாளி, பற்றரிப் பெட்டி அடியில், நடுவுக்குச் சற்றுப் பின்னால். கூடாரம் அதன்மேல். எறிகயிறு எல்லாவற்றுக்கும் மேலே, கட்டுக்கு வெளியே. ஐஸைக் குத்திப் பார்க்கும் கடப்பாரை ஸ்லெட்டில் ஏறவே கூடாது, அது உங்கள் கையில் இருக்க வேண்டியது. சில அடிக்கு ஒரு தடவை முன்னால் ஓங்கிக் குத்துங்கள். தண்ணீர் வந்தால் வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்லெட்டைக் கராஜில் சாய்த்து நிறுத்தி உலர விடுங்கள். அடியில் எப்பொக்சி பெயர்ந்திருக்கிறதா, லொக் நட்கள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்து, மறுபடி மெழுகு பூசி வையுங்கள். கழுத்து ஆணிகளை மட்டும் கராஜில் விடாமல் ஜக்கெற்றோடு சேர்த்துக் கொளுவியில் மாட்டுங்கள்.